பச்சைக் கல்லும் பழைய கோப்பும்

துணிப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் மேசைமேல் வைத்தார் ஆலோசனை கேட்டு வந்த ஒருவர். கைக்கு அடக்கமான கல், ஒரு பக்கம் முழுக்கப் பச்சை. கூடவே ஆய்வகச் சான்றிதழ்: செம்பு 6 சதவீதம், வெள்ளி டன்னுக்கு 210 கிராம், தங்கம் 3 கிராம். "இந்த இடத்தில் பணம் போடச் சொல்கிறார்கள். போடலாமா சார்?"

சான்றிதழில் பொய் எதுவும் இல்லை. "இந்தக் கல்லை எங்கே எடுத்தார்கள்?" என்று மட்டும் கேட்டேன். பழைய சுரங்கக் குழி ஒன்றின் வாயருகே கிடந்த குவியலில் பொறுக்கியதாம். சரி, அப்படியென்றால் அந்தச் சான்றிதழ் அந்தக் கல்லோடு முடிந்தது. குவியலில் ஆயிரம் கல் கிடக்கும்போது யாருடைய கையும் பச்சையாக இருப்பதைத்தான் எடுக்கும்.

அந்தப் பச்சை மலகைட். செம்புத் தாது காற்றும் நீரும் பட்டு மாறும்போது உண்டாவது. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். துணிக்குப் போடும் நீலம்போல, கொஞ்சம் இருந்தாலே பாறை முழுக்கப் பூசிவிடும். அதனால் நிறத்தைப் பார்த்து அளவைச் சொல்ல முடியாது. கல்லை உடைத்துப் பார்த்தேன். உள்ளே பித்தளை நிறத்தில் சில புள்ளிகள். கத்தி முனையால் கீறினால் பொடியானது. பொடி பச்சை கலந்த கருப்பு. சால்கோபைரைட், செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. இரும்பும் கந்தகமும் மட்டும் சேர்ந்த பைரைட்டாக இருந்திருந்தால் கத்திக்கு அசைந்திருக்காது. தங்கமாக இருந்திருந்தால் பொடியாகாமல் நசுங்கியிருக்கும். கையில் ஒரு பேனாக்கத்தி இருந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

சால்கோபைரைட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் செம்பு. அதோடு பைரைட்டும் இருக்கும் இடத்தில் மழைநீர் இறங்கினால் கந்தக அமிலம் உருவாகும். அந்த அமிலம் மேலே இருக்கும் செம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய், நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டி சால்கோசைட் என்ற செம்புத் தாதாகப் படியவைக்கும். அதில் ஏறத்தாழ 80 சதவீதம் செம்பு. மேலே மிஞ்சுவது துருப்பிடித்த இரும்புத் தொப்பி. இந்தத் தொப்பியைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போனவர்களும் உண்டு, இதற்குக் கீழே எல்லாம் இருக்கிறது என்று துள்ளியவர்களும் உண்டு. சிலி நாட்டின் எஸ்கொண்டிடாவில் 1981இல், செம்பு கழுவப்பட்ட இப்படியொரு தொப்பிக்கு அடியில்தான் கனத்த சால்கோசைட் படலம் கிடைத்தது. தென் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேமில் மேலே தொப்பிகூடக் கிடையாது. 300 மீட்டருக்கு மேல் வெற்றுப் படிவுப் பாறை. 1975இல் முதல் துளையிலேயே செம்பு தட்டுப்பட்டது. ஆனாலும் இது பெரிய விஷயம் என்ற நம்பிக்கையைத் தந்தது 1976இல் போட்ட பத்தாவது துளை. இடைப்பட்ட துளைகளைப் பார்த்துக் கைவிட்டிருந்தால், செம்பு, யுரேனியம், தங்கம், வெள்ளி எல்லாம் சேர்ந்த அந்தத் தாதுப் படிவு இன்னும் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும்.

இதைச் சொன்னால் சிலர் உடனே பிடித்துக்கொள்வார்கள்: "பார்த்தீர்களா சார், எங்கள் இடத்திலும் பத்தாவது துளை போட்டால்..." ஒன்பது துளைக்குப் பணம் போட்டுத் திரும்பிவந்தவர்கள் கதையை யாரும் எழுதிவைப்பதில்லை, அவ்வளவுதான்.

செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் சேர்ந்து தென்படும் இடங்களை முதன்முதலாகக் கண்டுபிடிப்பவர் நாமாக இருப்பது அபூர்வம். நமக்கு முன்னால் மூன்று நான்கு தலைமுறை வந்துபோயிருக்கும். முதலில் வந்தவர்கள் குவார்ட்ஸ் நாளத்தை, அதாவது பாறை வெடிப்பில் நிரம்பிய தாதுப் பட்டையை, கையால் துரத்தியவர்கள். கழுதைமேல் ஏற்றிப்போகக் கட்டுப்படியாகும் நல்ல தாதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் கொட்டிப்போனார்கள். அப்புறம் போர்ஃபிரி என்ற, பாறை முழுக்கத் தாது தூவிக்கிடக்கும் வகையைத் தேடி வந்த கம்பெனிகள்: ஒரு சதவீதத்துக்கும் குறைவான செம்பு, ஆனால் மலையளவு. இவர்கள் மண் மாதிரிகள் எடுப்பார்கள், நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தித் தாது இருக்கிறதா என்று பார்க்கும் ஐ.பி. சர்வே செய்வார்கள், நாலைந்து துளை போடுவார்கள். செம்பு விலை இறங்கியதும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போவார்கள்.

எனவே "முன்பு கைவிட்ட இடம்" என்றதும் நான் கேட்பது, எதனால் கைவிட்டார்கள்? விலை இறங்கியதாலா, உரிமம் முடிந்ததாலா, தாது தீர்ந்ததாலா? முதல் இரண்டு என்றால் மறுபடி பார்க்க நியாயம் இருக்கிறது. பழைய அறிக்கைகளில் செம்பு மட்டும் அளந்து, தங்கத்துக்குப் பரிசோதிக்காமலே விட்டதையும் பார்த்திருக்கிறேன். ஐ.பி. சர்வேயில் அழகாக ஒளிர்ந்த இடம் வெறும் பைரைட்டாகவோ கிராஃபைட்டாகவோ முடிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, எண்கள். "40 மீட்டருக்கு 1 சதவீதம் செம்பு" என்று ஒரு விளம்பரம் சொல்லும். இரண்டு மீட்டரில் 18 சதவீதம், மீதி 38 மீட்டரில் 0.1 சதவீதம் இருந்தாலும் சராசரி அதேதான் வரும். துளையின் நீளமும் நாளத்தின் தடிமனும் ஒன்றல்ல. நாளம் சரியும் திசையிலேயே துளை இறங்கினால் ஒரு மீட்டர் நாளமும் 30 மீட்டராகத் தெரியும். இன்னொன்று "செம்புச் சமானம்". வெள்ளியையும் தங்கத்தையும் விலைக்கணக்கில் செம்பாக மாற்றிச் சேர்ப்பது. அரைத்துப் பிரித்தெடுக்கும்போது மூன்றும் முழுதாகக் கையில் வரும் என்பதுபோல அது பாவனை செய்யும். வெள்ளி பல இடங்களில் டெட்ராஹெட்ரைட் என்ற கனிமத்துக்குள் இருக்கும். அதோடு ஆன்டிமனியும் ஆர்சனிக்கும் வரும். உருக்காலை அதற்காகப் பணத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணக்கு விளம்பரத்தில் வராது.

துளையில் கிடைக்கும் உருளைக் கல்லைக் கோர் என்போம். நீளவாக்கில் அறுத்து, பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு மறுபாதியைப் பெட்டியில் வைப்பது வழக்கம். இந்தோனேசியாவின் புசாங்கில் கனடாவின் பிரே-எக்ஸ் நிறுவனம் முழுக் கோரையும் பொடியாக்கியது. காட்டுவதற்குப் பாதி இல்லை. 7 கோடி அவுன்ஸ் தங்கம் என்றார்கள். 1997இல் வேறொரு நிறுவனம் பக்கத்திலேயே துளைபோட்டுப் பார்த்தபோது தங்கம் என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. மாதிரிகளில் இருந்த துகள்கள் ஆற்றுத் தங்கம்போல உருண்டு மழுங்கியிருந்தன. பாறைக்குள் இருந்து வந்த தங்கம் அப்படி உருளாது. தகுதியுள்ள வல்லுநர் பொறுப்பேற்றுத்தான் அறிக்கை தரவேண்டும் என்ற விதி கனடாவில் 2001இல் வந்தது இந்த அடிக்குப் பிறகுதான்.

பச்சைக் கல்லோடு வந்தவரிடம் பழைய கோப்பு கிடைக்குமா என்று கேட்டு அனுப்பியிருந்தேன். அடுத்த வாரம் நகல் எடுத்து வந்தார். ஐந்து துளைகள். தட்டச்சு செய்த அட்டவணையில் செம்புக்கும் வெள்ளிக்கும் பத்தி இருந்தது, தங்கத்துக்கு இல்லை. இந்த இடத்துக்கான விளம்பரத்தில் போட்டிருந்த பெரிய எண் நான்காவது துளையிலிருந்து வந்தது. வரைபடத்தை விரித்து அளவுகோலை வைத்தேன்: துளை நாளத்தோடு ஒட்டியே இறங்கியிருந்தது. மற்ற நான்கும் நாளத்தைக் குறுக்கே வெட்டியவை. எதிலும் தாது ஒன்றரை மீட்டரைத் தாண்டவில்லை.

"அப்போ ஒன்றுமே இல்லையா சார்?"

தங்கத்துக்கு யாரும் பார்க்கவில்லையே, இல்லை என்று எப்படிச் சொல்வது? கோர்ப் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று விசாரிக்கச் சொன்னேன். அதுவரை பணப்பையைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னேன். கல்லை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.