பூனைக்குட்டி சத்தி எடுத்தால், துடைக்கும் முன் பாருங்கள்

"சாப்பிட்டதை எல்லாம் சத்தி எடுக்குது டொக்டர்" என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது எப்படி வெளியே வந்தது, பார்க்க எப்படி இருந்தது என்பதைத்தான். அநேகமாகக் கிடைக்கும் பதில்: "அதைத் துடைத்துவிட்டோமே." நிலத்தில் கிடப்பதை உடனே சுத்தம் பண்ணத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் எங்களுக்கு வேண்டிய தகவலில் பாதி அதில்தான் இருக்கிறது. ஆகவே துணியை எடுக்கும் முன் போனை எடுங்கள். ஒரு படம் போதும். குட்டி மறுபடியும் வயிற்றை எக்கத் தொடங்கினால் வீடியோவாகவே எடுத்துவிடுங்கள்.

வீடியோ ஏன் என்றால், சத்தி என்று நீங்கள் சொல்வது உண்மையில் சத்திதானா, எதுக்களிப்பா என்று அதில் தெரிந்துவிடும். சத்திக்கு முன்னால் ஒரு ஆயத்தம் இருக்கும். குட்டி உதட்டை நக்கும், எச்சில் வடியும், அந்தரப்பட்டு அங்குமிங்கும் நடக்கும், பிறகு வயிறு உள்ளே போய்ப் போய் வர ஓங்காளிக்கும். வருவது பாதி செரித்ததாக, மஞ்சள் பித்தமாக அல்லது நுரையாக இருக்கும். எதுக்களிப்பில் இது ஒன்றும் இல்லை. தலையைக் குனிந்தவுடன் சாப்பாடு போன உருவத்திலேயே வழுக்கிக்கொண்டு வந்து விழும். சிலவேளை நீளமாகக் குழாய் வடிவில்கூட இருக்கும். சத்தி என்றால் வயிறு, குடல், நஞ்சு, தொற்று என்று தேட வேண்டும். எதுக்களிப்பு என்றால் சாப்பிட்ட வேகத்தையும் உணவுக்குழாயையும் பார்க்க வேண்டும்.

வேகத்தால் வருவதுதான் நான் அதிகம் காண்பது. இரண்டு மூன்று குட்டிகளுக்கு ஒரே கோப்பையில் வைத்தால் ஒன்றுக்கொன்று போட்டி போட்டு விழுங்கும். உலர்ந்த உணவு வயிற்றில் ஊறிப் பெருத்ததும் அப்படியே திரும்பி வரும். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் விரத நாளில் மரக்கறி மட்டும் சமைக்கிற வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. வெள்ளிக்கிழமை முழுக்கக் குட்டிக்குத் தயிர்ச்சோறு, சனிக்கிழமை மீன் வந்ததும் கைநிறைய. முதல் நாள் அரைப்பட்டினி கிடந்த குட்டி மறுநாள் அளவில்லாமல் விழுங்கிச் சத்தி எடுக்கத்தான் செய்யும். பூனை இறைச்சி தின்னப் பிறந்த பிராணி. அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் தேவையான டோரின் என்ற சத்து சோற்றிலும் தயிரிலும் போதியளவு கிடைக்காது. உங்கள் விரதம் உங்களோடு இருக்கட்டும். குசினியில் மீன் சமைக்க முடியாது என்றால், குட்டிகளுக்கென்று விற்கிற உணவை ஒரு மூலையில் வையுங்கள். அதில் பிழையே இல்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, சின்னச் சின்ன அளவில், தட்டையான தட்டில் பரப்பி, ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாக வையுங்கள். உணவை மாற்றுவதானால் ஒரு கிழமை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். இவ்வளவிலேயே நின்றுவிடும் குட்டிகள் நிறைய.

நிற்காவிட்டால்?

பால்குடி மறந்து கெட்டியான உணவு தொடங்கிய நாளிலிருந்தே ஒவ்வொரு வேளையும் எதுக்களிக்கிற குட்டி ஒன்று எப்போதாவது வரும். ஒன்றாய்ப் பிறந்தவை அதைவிட இரண்டு மடங்கு வளர்ந்திருக்க, இது முள்ளந்தண்டு கையில் தட்டுப்படுகிற அளவுக்கு மெலிந்திருக்கும். பசியோ அடங்காது. எதுக்களித்ததையே திரும்பவும் நக்கித் தின்னும். பிறக்கும் முன்பே ஒழுங்காக அமைந்திருக்க வேண்டிய பெரிய இரத்தக்குழாய் ஒன்று தவறான பக்கத்தில் அமைந்து, உணவுக்குழாயை வளைத்து இறுக்குவதால் வருவது இது. பால் இறங்கும், கெட்டி உணவு இறங்காது. உணவுக்குழாய் பலூனாக ஊதிப்போகும் முன் கண்டுபிடித்தால் சத்திரசிகிச்சை கைகொடுக்க வாய்ப்பு அதிகம். கஞ்சிப் பதத்தில் உணவைக் கரைத்து, குட்டியை நிமிர்த்திப் பிடித்து ஊட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே நிமிர்த்தி வைத்திருந்தால் வைத்தியரிடம் போகும்வரை தாக்குப்பிடிக்கும்.

இதனால்தான் ஒரு சமையலறைத் தராசு வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நல்லாய் வளரும் குட்டி கிழமைக்கு 100 கிராம் அளவில் கூடும். எப்போதாவது ஒரு தடவை சத்தி எடுத்தாலும் எடை ஏறிக்கொண்டிருந்தால் பதற வேண்டியதில்லை. எடை நின்றுவிட்டாலோ இறங்கினாலோ, குட்டி எவ்வளவு துள்ளி விளையாடினாலும் கொண்டு வாருங்கள். எடையை நாட்காட்டியில் குறித்து வைத்தால் எங்களுக்கு அது பெரிய உதவி.

தாயில்லாமல் கிடைத்த, நாலு கிழமைக்குக் குறைந்த குட்டிகளின் கதை வேறு. தெருவில் கண்டெடுத்து, மழையில் நனைந்ததைத் துவாயில் சுற்றி, இரக்கப்பட்டு உடனே பால் புகட்டுவார்கள். உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. உடற்சூடு 35 பாகை செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால், கொடுத்த பால் அப்படியே தேங்கித் திரும்பி வரும், நுரையீரலுக்குள்ளும் போகும். முதலில் சூடு, பிறகுதான் பால். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மெல்ல மெல்லச் சூடாக்குங்கள். பால் என்றால் தேத்தண்ணிக்குப் போடுகிற பால்மா கூடாது. அதிலிருக்கும் லக்டோஸ் என்ற பால்சர்க்கரை பெரும்பாலான குட்டிகளுக்கு வயிற்றோட்டம் வரவைக்கும். பூனைக்குட்டிகளுக்கான பால்மா கொழும்பில் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. ஒரு தடவைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லிலீற்றர் அளவு போதும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டாதீர்கள். குட்டி குப்புற, தாயிடம் குடிக்கிற நிலையில் இருக்க வேண்டும்.

சத்தியில் வெள்ளையாக, இடியப்ப இழை மாதிரி ஏதாவது நெளிந்தால் அது வட்டப்புழு. தாய்ப்பாலோடேயே குட்டிக்குள் போய்விடுவதால், வீட்டை விட்டு வெளியே போகாத குட்டிக்கும் இருக்கும். உடம்பு மெலிவு, வயிறு மட்டும் பானை. பூச்சிமருந்தை மூன்று கிழமை வயதிலேயே தொடங்கலாம். எட்டுக் கிழமை வரைக்கும் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒன்று. எடை பார்த்து அளவு தருவது இது. பிள்ளைகளுக்கு வாங்கிய பூச்சிக் குளிசையைக் கண்மட்டத்தில் உடைத்துக் கொடுக்க வேண்டாம். இந்தப் புழுவின் முட்டை சின்னப் பிள்ளைகளுக்கும் தொற்றும். பூனை மலம் கழிக்கும் மண்ணை அன்றன்றே அள்ளிக் கொட்டிவிட்டுக் கைகழுவினால் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை, ஏனென்றால் முட்டை தொற்றும் நிலைக்கு வரக் கிழமைக்கணக்கில் ஆகும்.

இனி நூல். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. தையல் மெசின் உள்ள வீடு, பூமாலை கட்டுகிற வீடு, சாமிப் படத்துக்குப் போட்ட மாலை வாடித் தொங்குகிற வீடு, டிசம்பரில் கொட்டாஞ்சேனைப் பக்கம் நத்தார் மரத்தில் மினுங்குகிற இழைகள். பூனையின் நாக்கிலுள்ள முட்கள் உட்பக்கம் பார்த்தபடி இருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்ப அதனால் முடியாது, விழுங்கத்தான் முடியும். வீட்டில் பிளவுஸ் தைக்கும் ஒரு அக்கா கொண்டுவந்த குட்டிக்கு இரண்டு நாளாகச் சத்தி. தண்ணீர்கூட நிற்கவில்லை. வாயைத் திறந்து, கீழ்த்தாடை எலும்புகள் இரண்டுக்கும் நடுவே வெளியிலிருந்து பெருவிரலால் மேலே அழுத்தினேன். நாக்கு தூக்கியது. நாக்கின் அடியில், நடுவில் இருக்கும் மெல்லிய தோலை வெட்டிக்கொண்டு ஒரு மெரூன் நூல் இறங்கியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா நிறத்தைப் பார்த்ததுமே எந்த பிளவுஸ் என்று சொல்லிவிட்டார். நூலின் ஒரு முனை நாக்கடியில் மாட்டியிருக்க, மற்ற முனையைக் குடல் இழுத்து இழுத்து, சுருக்கு விழுந்த துணியாகத் தன்னைத் தானே மடித்துக்கொள்ளும். அப்புறம் அதே நூல் குடலை அறுக்கத் தொடங்கும். எக்ஸ்ரேயில் ஊசி தெரியும், நூல் தெரியாது. அதனால் வாயைப் பார்ப்பது அவ்வளவு முக்கியம். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கக் கண்டால் தயவுசெய்து இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே கொண்டு வாருங்கள். அந்தக் குட்டியைச் சத்திரசிகிச்சை செய்து காப்பாற்ற முடிந்தது, குடல் இன்னும் ஓட்டையாகியிருக்கவில்லை.

வாயைத் திறக்கும்போது கவனம். தெருவிலிருந்து வந்த, ஊசி போடாத குட்டி கடித்தாலோ கீறினாலோ, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி என்று பெயர் இருந்தாலும் அது பூனையாலும் வரும்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் பயப்படுத்துவது பன்லியுகோபீனியா வைரஸ். நேற்று விளையாடிய குட்டி இன்று மூலையில் ஒதுங்கும். காய்ச்சல், மஞ்சள் அல்லது நுரைச் சத்தி, பிறகு வயிற்றோட்டம், சிலவேளை இரத்தத்தோடு. தண்ணீர்க் கோப்பைக்கு மேலே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, குடிக்க முடியாமல் அப்படியே இருக்கும். அந்த நிலையில் ஒரு குட்டியைக் கண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து கைவசம் இல்லை. சேலைன், சத்தியை நிறுத்தும் ஊசி, வேறு கிருமிகள் தொற்றாமல் அன்டிபயோட்டிக் என்று கொடுத்து, குட்டியின் உடம்பு மீண்டு வரும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. சீக்கிரம் தொடங்கினால் பிழைக்கிற வாய்ப்பு கூடும். இது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் வீட்டில் ஒரு வருடம் வரைக்கும் உயிரோடு கிடக்கும், சாதாரண நிலம் துடைக்கும் திரவத்துக்குச் சாகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, கழுவிய நிலத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். குட்டி இறந்த துக்கத்தில் உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. தடுப்பூசி முடியாத குட்டியை அந்த வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தடுப்பூசி ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒரு தடவை, 16 கிழமை தாண்டும்வரை போட வேண்டும். முதல் ஊசியோடு நிறுத்தினால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி அதை முறியடித்துவிடக்கூடும். அடுக்குமாடியில் நாலாம் மாடியில்தானே இருக்கிறது என்று விடாதீர்கள். வைரஸ் நம் செருப்பிலும் ஏறி வரும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? எட்டுக் கிழமை தாண்டிய, துடிப்பாக இருக்கும் குட்டி ஒரு தடவை மட்டும் சத்தி எடுத்தால், இரண்டு மூன்று மணித்தியாலம் சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கட்டும். பிறகு உப்பு, காரம், வெங்காயம் எதுவும் போடாமல் அவித்த கோழி ஒரு தேக்கரண்டி. நின்றால், இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொன்று. இரவு முழுக்கப் பட்டினி போடுவது பெரிய நாய்க்குச் சரிவரலாம். குட்டியின் இரத்தத்தில் சர்க்கரை அதற்குள் விழுந்துவிடும், தள்ளாடும், வலிப்புக்கூட வரும். ஒரே நாளில் மூன்று தடவை எடுத்தாலோ, தண்ணீர் நிற்காவிட்டாலோ, இரத்தம் வந்தாலோ, கூடவே வயிற்றோட்டம் இருந்தாலோ, சோர்ந்து படுத்தாலோ வீட்டு வைத்தியத்தை விட்டுவிடுங்கள். எட்டுக் கிழமைக்குக் குறைந்தது என்றால் இரண்டாவது சத்தியே போதும், புறப்படுவதற்கு. தோளுக்கு நடுவில் தோலைக் கிள்ளிவிட்டுப் பாருங்கள், திரும்பிப் போகச் சுணங்கினாலும், ஈறு பிசுபிசுத்தாலும் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

உடம்பு சுடுகிறதே என்று பரசிட்டமோல், நாம் பனடோல் என்று சொல்வதை, ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் நொதியம் பூனைக்கு மிகக் குறைவு. இரத்தம் மண்ணிறமாகும், ஈறு கறுக்கும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு முட்டும். பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதில் கிடையாது. கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், முறிமருந்து இருக்கிறது, நேரம்தான் முக்கியம். சத்தியை நிறுத்தப் பாமசியில் வாங்கும் மனித மருந்தும் வேண்டாம். குடலில் நூல் கிடந்தால் அது அடையாளத்தை மட்டும் மறைத்து, ஒரு நாளைப் பறித்துவிடும். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் மருந்து, பூங்கொத்தில் வந்த லில்லி, கவ்விய தேரை, பூனைக்கு நஞ்சாகக்கூடிய இவற்றில் ஏதாவது சந்தேகம் இருந்தாலும் வைத்தியரிடம் முதல் வசனமே அதுவாக இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. சிங்களமோ ஆங்கிலமோ சரளமாக வராது என்ற கூச்சத்தில் கிளினிக் வாசலைத் தள்ளிப்போடும் தமிழ்க் குடும்பங்களை எனக்குத் தெரியும். போனில் அந்த வீடியோவைக் காட்டுங்கள், எடை குறித்த தாளை நீட்டுங்கள், தின்ற செடியின் இலையோ மருந்துக் கவரோ கையில் இருந்தால் அதையும் வையுங்கள். எந்த மொழி பேசும் வைத்தியருக்கும் அது விளங்கும். காசுதான் தடை என்றால் அதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எந்தச் சோதனை இப்போதே வேண்டும், எது நாளைக்குப் பொறுக்கும் என்று வைத்தியர் பிரித்துச் சொல்ல முடியும். இரவில் திறந்திருக்கும் கிளினிக் உங்கள் பக்கம் எது என்று இன்றைக்கே விசாரித்து நம்பரைப் பதிந்து வையுங்கள். கொழும்பின் காலி வீதியில் வாகனங்கள் நெரிகிற நேரமானால், ஆட்டோவில் ஏறும் முன்பே அழைத்து, குட்டியின் வயதையும் சத்தி எத்தனை தடவை என்பதையும் சொல்லிவிட்டால், நீங்கள் போய்ச் சேரும்போது சேலைன் தயாராக இருக்கும். காற்றோட்டம் உள்ள பெட்டியில் பழைய துவாய் ஒன்றை விரித்து, குட்டியை அதில் வைத்துக் கொண்டு வாருங்கள். வழியில் எதுவும் ஊட்ட வேண்டாம்.