‘புவிப்புதையல் வேட்டை’ வேண்டாம்: ஜியோகேஷிங் என்ற சொல்லைப் பற்றி

ஜியோகேஷிங் என்ற விளையாட்டைத் தமிழில் ‘புவிப்புதையல் வேட்டை’ என்கிறார்கள். இந்தச் சொல்லை இன்னொரு முறை கேட்டால் எழுதியே தீர்வது என்று இருந்தேன்; கேட்டாயிற்று. இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வந்த ஒருவர், “எவ்வளவு ஆழம் தோண்டணும்? கடப்பாரை எடுத்துக்கிட்டு வரவா?” என்று விசாரித்தார். அவர் மேல் தப்பே இல்லை. புதையல் என்றால் தோண்டத்தானே வேண்டும்? அவருக்குத் தமிழ் ஒழுங்காகத் தெரிந்திருக்கிறது. சொல்லை உருவாக்கியவருக்குத்தான் விளையாட்டு தெரியவில்லை.

விளையாட்டு இதுதான். ஒருவர் ஒரு பெட்டியைப் பொது இடத்தில் கண்ணில் படாதபடி வைத்துவிட்டு, அந்த இடத்தின் ஆயத்தொலைவுகளை இணையத்தில் போடுகிறார். (இலங்கைத் தமிழில் இதற்கு ஆள்கூறுகள் என்று பெயர், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.) மற்றவர்கள் கைபேசியின் ஜிபிஎஸ் துணையோடு அங்கே போகிறார்கள், தேடுகிறார்கள், கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட்டு வருகிறார்கள். பெட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தால் சாவிவளையம், சின்னப் பொம்மை என்று சில்லறைச் சாமான்கள் கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘ஜியோ’ கிரேக்கம், பூமி. ‘கேஷ்’ பிரெஞ்சு, ஒளித்துவைப்பது என்ற வினையிலிருந்து வந்தது. வட அமெரிக்கக் காடுகளில் தோலுக்காக விலங்குகளைப் பொறிவைத்துப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ள உணவையும் சாமான்களையும் மறைத்துவைத்த இடத்தை அப்படிச் சொன்னார்கள்; அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போயிற்று. அவர்கள் குழி வெட்டி மறைத்ததும் உண்டு. ஆனால் சொல்லுக்குள் குழி இல்லை, மறைப்பு மட்டும்தான் இருக்கிறது.

இரண்டும் ஒட்டியது 2000ஆம் ஆண்டில். அதுவரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது. காட்டுகிற இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 100 மீட்டர்வரை வித்தியாசம் வரும். மே 2 அன்று அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டுப்பகுதியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, இடக்குறிப்பை ஓர் இணையக் குழுவில் அறிவித்தார். வாளியில் இருந்த பொருள்களில் ஒரு கவண்வில்லும் ஒரு டின் பீன்ஸும் உண்டு. அவர் அதற்கு வைத்த பெயரில் இருந்தது ‘ஸ்டாஷ்’ என்ற சொல். கள்ளத்தனமாகப் பதுக்கிய சரக்கு, குறிப்பாகப் போதைப்பொருள், என்ற வாடை அதில் அடிக்கும். அதே மாதக் கடைசியில், மே 30 அன்று, மாட் ஸ்டம் என்பவர் அதற்குப் பதிலாக முன்வைத்த சொல்தான் ஜியோகேஷிங். வாடை அடித்த சொல்லை ஒரு மாதத்துக்குள் அவர்களே தள்ளிவிட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சரி, புதையலுக்கு வருவோம். குவி என்பதிலிருந்து குவியல். புதை என்பதிலிருந்து புதையல். புதைக்காதது புதையல் ஆகாது. இந்த விளையாட்டின் விதிகளிலோ, பெட்டி வைப்பவரும் நிலத்தைத் தோண்டக் கூடாது, தேடுபவரும் தோண்டக் கூடாது. நிலத்துக்கு உரியவர் தெரிந்தே அனுமதி கொடுத்த இடம் மட்டும் விலக்கு. அல்மரின் முதல் வாளியே பாதி மண்ணுக்குள் இருந்ததே என்று கேட்பவர்கள் உண்டு, இருந்தது. அதைப் பார்த்து வழக்கம் பெருகிவிடக் கூடாது என்றுதான் விதி இப்படி இருக்கிறது. பூங்காவையும் வனத்தையும் பராமரிப்பவர்கள் ‘தோண்டுகிறார்கள்’ என்று கேள்விப்பட்டால் அத்தோடு கதை முடிந்தது. தமிழில் மட்டும் நாம் முதல் வேலையாகத் தோண்டுவதைப் பெயரிலேயே எழுதி நீட்டுகிறோம்.

அதோடு ‘புவி’ வேறு. புவிப்புதையல் என்று தனியாக ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். நிலக்கரி, இரும்புத்தாது, பெட்ரோலியம் என்றுதான் நினைப்பார். மூலச்சொல்லில் ‘ஜியோ’ இருப்பது இடக்குறிப்பை வைத்துத் தேடுகிறோம் என்பதற்காக. மண்ணுக்குள் தேடுகிறோம் என்பதற்காக அல்ல. ‘வேட்டை’யும் அப்படித்தான். வசூல் வேட்டை, வாக்கு வேட்டை, போலீசாரின் தேடுதல் வேட்டை என்று எதற்கெடுத்தாலும் வேட்டை போடுகிற செய்தித்தாள் பழக்கம் இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது. வேட்டையாடியவர் பிடித்ததைத் தூக்கிக்கொண்டு போவார். இங்கே பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் அதற்குப் பெயர் திருட்டு.

செல்வம் என்ற பொருளாவது பொருந்துகிறதா? இருப்பதிலேயே சிறியதான நானோ வகையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். விரல்நுனி அளவு உலோக உருளை, அடியில் காந்தம், பூங்கா பெஞ்சின் இரும்புச் சட்டத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். திருகித் திறந்தால் கட்டைவிரல் நகத்தைவிட அகலம் குறைந்த ஒரு நீளத் தாள், இறுக்கிச் சுருட்டியபடி. பேனா வைக்கவே இடம் இருக்காது, நாம்தான் கொண்டுபோக வேண்டும். இருவரின் கையெழுத்துக்கு நடுவே இருக்கும் இடுக்கில் பெயரைத் திணித்து எழுதி, திரும்பச் சுருட்டும்போதுதான் தெரியும், தேடியதைவிடச் சுருட்டுவது பெரும்பாடு என்று. இதைப் புதையல் என்றால் புதையலே கோபித்துக்கொள்ளும்.

அடுத்த போட்டியாளர் ‘புவிப்பதுக்கல்’. கணினித் துறையில் கேஷ் மெமரிக்குப் ‘பதுக்கு நினைவகம்’ என்று சிலர் எழுதுவதால், அதே அச்சில் வார்த்தது. கணினிக்கு அது பரவாயில்லை, நினைவகத்தை யாரும் சந்தேகப்படப் போவதில்லை. ஆனால் “பூங்காவில் ஒரு பதுக்கல் இருக்கிறது, சாயங்காலம் பார்த்துவிட்டு வரலாம்” என்று கைபேசியில் பேசிப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். பதுக்கல் என்றதும் தமிழனுக்கு நினைவுக்கு வருவது கள்ளச்சந்தையும் கிடங்குச் சோதனையும்தான். ஸ்டாஷை ஆங்கிலக்காரர்கள் எதற்காகத் தள்ளினார்களோ, அதே காரணத்தோடு நிற்கிறது இந்தச் சொல். அவர்கள் விட்டதைத் தேடிப்பிடித்து நாம் எடுத்துக்கொள்வானேன்?

‘ஒளிபெட்டி’ என்றும் ஒருவர் சொன்னார். ஒளித்த பெட்டி, ஒளிக்கும் பெட்டி எல்லாம் அடங்கிய நல்ல வினைத்தொகை, மிகாத இயல்பு. ஆனால் யாராவது ஒரு ‘ப்’ சேர்த்து ஒளிப்பெட்டி என்று எழுதினால் விளக்குப் பெட்டியாகிவிடும். இன்றைக்கு வல்லினம் மிகும் இடத்தில் விடுவதும் மிகாத இடத்தில் போடுவதும்தான் பொது வழக்கம் என்றாகிவிட்டதால், ஒற்றை மெய்யெழுத்தை நம்பி ஒரு கலைச்சொல்லை நடக்கவிட எனக்குத் துணிவில்லை.

என் கட்சி ‘மறைபெட்டி’. இதுவும் வினைத்தொகைதான், நடுவில் ‘ப்’ விழுந்தாலும் பெரிய சேதமில்லை. பொழுதுபோக்குக்கு ‘மறைபெட்டித் தேடல்’. ‘ஜியோ’ எங்கே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். திறந்த வெளியில்கூடக் கைபேசி சில மீட்டர் தள்ளித்தான் காட்டும், மரங்களுக்கு அடியில் இன்னும் மோசம். அம்புக்குறி “வந்துவிட்டீர்கள்” என்று சொன்ன பிறகுதான் ஆட்டமே ஆரம்பிக்கிறது. கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, நான் ஒளித்துவைப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன் என்று யோசித்து, பெஞ்சுக்கு அடியிலும் மரப்பொந்திலும் கைவிடுகிற அந்தக் கடைசிச் சில மீட்டர்தான் சுகம். செயற்கைக்கோள் வெறும் வழிகாட்டி. அதைப் பெயரில் ஏற்றாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

பெட்டியே இல்லாத வகைகள் உண்டே என்பது நியாயமான கேள்வி. எர்த்கேஷ் என்ற வகையில் ஒரு பாறை அமைப்பையோ அருவியையோ போய்ப் பார்த்து, அங்கே கவனித்தால்தான் தெரியும் என்கிற கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். எழுதத் தாள் கிடையாது, திறக்க மூடி கிடையாது. அங்கே ஆங்கிலச் சொல்லும்தான் பொருந்தவில்லை. பாறையை யாரும் ஒளித்துவைக்கவில்லை. பெரும்பான்மைக்குப் பெயர் வைத்தால் போதும். அதைப் ‘பாறைக்காட்சி’ என்றோ வேறெப்படியோ அந்த வகைக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தத் தொல்லை ஒரு சொல்லோடு நிற்கவில்லை. அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கியிருந்த விதத்தில் “மரக்கட்டையில் கையெழுத்திடவும்” என்று படித்தேன். பெட்டிக்குள் இருக்கும் ‘லாக்’ என்ற குறிப்புத்தாள்தான் (ஆங்கிலத்தில் மரக்கட்டைக்கும் அதே சொல்) மரக்கட்டை ஆகியிருந்தது. இயந்திரம் செய்ததோ மனிதர் செய்ததோ, செய்தவர் ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அப்புறம், தேடியும் அகப்படாததைத் தெரிவிக்கும் பதிவுக்குக் ‘கண்டுபிடிக்கப்படவில்லை’ என்கிறார்கள். யாரால் கண்டுபிடிக்கப்படவில்லை? ‘கிடைக்கவில்லை’ என்று நாம் சொல்வதில் என்ன குறை? விவரம் தெரியாமல் வேடிக்கை பார்க்கும் ஆட்களை இந்த விளையாட்டுக்காரர்கள் ‘மகிள்’ என்கிறார்கள்; ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் தெரியாதவர்களுக்கு வைத்த பெயர் அது. அதற்கு ‘மந்திரமறியாதோர்’ என்று ஒரு மொழியாக்கம். ‘வழிப்போக்கர்’ போதும். சொல்லைப் பார்த்துச் சொல் செய்கிறவர்கள் ஒருநாள் சாயங்காலம் எங்களோடு வந்து, அந்த நானோ தாளைச் சுருட்டித் திரும்ப உள்ளே போட்டுக் காட்டட்டும்.

தமிழ்ச்சொல்லே வேண்டாம், ஆங்கிலத்தையே வைத்துக்கொள்கிறோம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஒன்றே ஒன்று: ‘கேச்சிங்’ என்று எழுதாதீர்கள். மூலத்தில் அது ‘கேஷ்’, பணத்துக்குச் சொல்கிறோமே அதே ஓசை. ‘ச்ச’ போட்டால் பந்து பிடிக்கிற ஆட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். ‘ஷ’ கிரந்த எழுத்து, தொடமாட்டேன் என்றால் அதுவும் சரிதான், உங்களுக்காகத்தான் மறைபெட்டி இருக்கிறது.