நோட்டீஸின் அடியை வெட்டாதீர்கள்

பழைய நாடக நோட்டீஸை யாராவது போனில் படமெடுத்து அனுப்பினால், நான் முதலில் தேடுவது நடிகையின் பெயரை அல்ல, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரை. பாதிப் படங்களில் அது இருக்காது. நடிகை பெயர் பளிச்சென்று விழட்டும் என்று ஓரத்தை வெட்டியிருப்பார்கள். அச்சடித்தவர் பெயரும் ஊரும் தாளில் இருந்தாக வேண்டும் என்றது அக்காலத்தில் நடப்பிலிருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நோட்டீஸ் எந்த வட்டாரத்தில் சுற்றியது என்று பல நேரம் அந்த ஒரு வரிதான் சொல்லும்.

வரலாற்று ஆய்வு என் தொழில். சனி, ஞாயிறுகளில் ஆரம்பகால நாடக மேடைப் பெண்களைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறேன். காசு கிடையாது, சண்டை மட்டும் உண்டு.

நோட்டீஸில் பல சமயம் ஆண்டு இருக்காது. அது பெரிய குறை இல்லை, கிழமை இருந்தால் போதும். ‘ஏப்ரல் 14, சனிக்கிழமை இரவு’ என்று போட்டு, நாடக நடிகர் கிட்டப்பா பெயரும் அவரோடு நடித்த கே.பி. சுந்தராம்பாள் பெயரும் சேர்ந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1920 முதல் 1935 வரை ஏப்ரல் 14 சனிக்கிழமையாக வந்தது மூன்றே தடவை: 1923, 1928, 1934. கிட்டப்பா 1933 டிசம்பரில் காலமானார், ஆகவே 1934 இல்லை. இருவரும் ஜோடியாக மேடையேறியது 1920-களின் பிற்பாதியில், ஆகவே 1923-ம் போயிற்று. மிச்சம் 1928. மூலையில் இருக்கும் தேதி வரியைச் செல்லோடேப் ஒட்டி மறைத்துவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் நடக்காது.

பெயரிலும் வழுக்கும். ஸ்திரீ பார்ட், அதாவது பெண் வேஷம், என்று இருந்தால் நடித்தவர் பெண் என்று எழுதிவிடாதீர்கள். அக்காலத்தில் ஆண்களும் சிறுவர்களும்தான் அந்த வேஷத்தில் நிறைந்திருந்தார்கள். மறுபக்கம், கும்பகோணம் பாலாமணி தன் கம்பெனியைப் பெண்களை மட்டுமே வைத்து நடத்தியவர். அங்கே ராஜபார்ட்டும், அதாவது கதாநாயகன் வேஷம் போடுபவரும், பெண்தான். 1935-இல் வந்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்தவர் சுந்தராம்பாள்.

இனிஷியலைப் பார்த்ததும் அப்பா பெயரைத் தேடுவது நம் பழக்கம். சுந்தராம்பாளின் கே.பி. என்பது கொடுமுடி பாலாம்பாள். பாலாம்பாள் அவருடைய அம்மா. ‘தந்தை பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பியே தீருவேன் என்று கிளம்புகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பெயரில் இருந்த இரண்டு நடிகைகளை ஒருவராக்கி ஒரு பக்கம் எழுதினேன். ஊர் வேறு, கம்பெனி வேறு. பாட்டுப் புத்தகத்தின் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே திருப்பாததால் வந்த வினை. நான்கு மாதம் கழித்துத் திருத்தினேன். அதற்குள் அது பத்து இடத்துக்குப் போய்விட்டது. இப்போது அந்தப் பத்து இடத்தையும் ஆதாரமாகக் காட்டி, என் திருத்தத்தையே தப்பு என்கிறார்கள்.

பாலாமணி என்றால் எல்லோரும் அவர் நாடகத்தைப் பார்க்க ரயில் விட்ட கதையையும் அழகையும்தான் எழுதுகிறார்கள். சம்பளம் கொடுத்து ஒரு கம்பெனியை நடத்திய முதலாளி அவர் என்பது அரை வரியில் முடிந்துவிடும். டி.பி. ராஜலக்ஷ்மிக்கும் அதே கதி: 1931-இல் வந்த காளிதாஸ் படத்திலிருந்துதான் வாழ்க்கையே தொடங்கியது போல எழுதுவார்கள். படத்துக்கு முன்பே அவர் நாடக நடிகை.

படங்களில் கவனம் வேண்டும். இந்தியச் சட்டத்தில் புகைப்படத்துக்கு 2012 வரை, வெளியானதிலிருந்து 60 ஆண்டு காப்புரிமை; அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவர் இறந்ததிலிருந்து 60 ஆண்டு. வெளியாகாமல் வீட்டு ஆல்பத்திலேயே கிடந்த படத்தில் இன்னும் கவனம் வேண்டும். குடும்பத்திடம் எழுதி வாங்காமல் ஏற்றாதீர்கள். நோட்டீஸ்களை வீட்டிலேயே பூட்டி வைக்காமல் ஒரு நூலகத்துக்கு, குறைந்தபட்சம் ஸ்கேன் பிரதியாகவாவது, கொடுங்கள். பொதுவில் பார்க்க முடியாத தாளைக் கலைக்களஞ்சியத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது. சென்னை ரோஜா முத்தையா நூலகச் சேகரிப்பில் நாடக நோட்டீஸ்களும் இருக்கின்றன.

போன வருடம் ஒரு பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். அடியில் பட்டுத் துணியில் சுற்றிய இரண்டு மெடல், ஒரு பாட்டுப் புத்தகம், நாலாய் மடித்த ரோஸ் நிற நோட்டீஸ். மடிப்பில் தொட்டால் உதிர்ந்தது.

“எங்கம்மா நடிச்சாங்கன்னு தாராளமா போடும்மா. பாட்டுக்கு மெடல் வாங்கினாங்கன்னும் போடு. ஊர்ப் பேர் மட்டும் வேண்டாம். பேத்திக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம்.”

“சரி பாட்டி.”

பெண்களைத் தேவதாசியாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947-இல் சட்டப்படி ஒழிந்தது. நடிகை என்றதும் குலம் விசாரிக்கும் வாய் ஒழியவில்லை. அந்தப் பக்கத்தில் பிறந்த ஊர் என்ற கட்டத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன். மாதம் ஒருவர் வந்து ஏதோ ஓர் ஊரை ஊகித்து நிரப்புகிறார், நான் அழிக்கிறேன்.