கல்லாவில் விழுவதெல்லாம் லாபம் இல்லை

"தினமும் நாலாயிரம் ஓடுது சார், தவணைக்கு நூறு ரூபா எடுத்து வைக்க முடியாதா?" இந்தக் கேள்வியை ஊர் ஊராகக் கேட்டுச் சலித்துவிட்டேன். கிராமத்து வங்கிக் கிளையில் கடன் பிரிவைப் பார்க்கிறவன் நான். போன வாரம் வந்த பெட்டிக்கடை அக்காவும் இதையேதான் கேட்டார். கையில் இரண்டு கம்பெனிகளின் குழுக் கடன் அட்டைகள், இடுப்பில் செருகிய தண்டல் நோட்டு, அதாவது தினத் தவணையாக வசூலிக்கும் தனியார் கடனுக்கானது. நான்காவதாக எங்களிடம் ஐம்பதாயிரம் வேண்டுமாம். எதற்கு என்றால், "கடையில சரக்கு இல்ல சார்."

சரக்கு ஏன் இல்லை? அதை அவர் யோசிக்கவே இல்லை. கடை நன்றாக ஓடுகிறது, ஆனால் அலமாரி காலி. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றுகூட ஒரு சந்தேகம் அவருக்கு.

இதைப் பொறுமையாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். நாலாயிரம் ரூபாய்க்கு வியாபாரம் ஆனால் அதில் மூவாயிரத்து அறுநூறு சரக்குக்குப் போட்ட முதல். ஏஜென்சி வண்டி அடுத்த முறை வரும்போது திரும்பக் கொடுக்க வேண்டிய பணம் அது. சர்க்கரையிலும் எண்ணெயிலும் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் நின்றால் பெரிது, பிஸ்கட்டிலும் சோப்பிலும் கொஞ்சம் கூட. எல்லாம் சேர்த்து நூற்றுக்குப் பத்து என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆக உங்களுக்கு நிற்பது நானூறு. கரண்டுக்கும் வாடகைக்கும் ஐம்பது, வீட்டுச் செலவுக்கு இருநூற்றைம்பது போனால் மிச்சம் நூறு. வாரத்துக்கு எழுநூறு.

அந்த அக்கா கட்டுவது எவ்வளவு தெரியுமா? ஒரு குழுவுக்கு 650, இன்னொன்றுக்கு 800, தண்டல்காரருக்குத் தினம் நூறு. வாரத்துக்கு 2,150. மிச்சமாவது 700. மீதி 1,450 எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து வரவில்லை, சரக்கு முதலிலிருந்துதான் வருகிறது. வருஷக் கணக்கில் பாருங்கள், எழுபத்தைந்தாயிரம் ரூபாய். அவருடைய கடையில் இருந்த மொத்தச் சரக்கே அவ்வளவுதான் இருக்கும். ஆக, கடையைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத் தவணை கட்டியிருக்கிறார். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று பெருமையாக வேறு சொன்னார். நான் என்னத்தைச் சொல்ல.

தவணையைக் கல்லாவோடு ஒப்பிடாதீர்கள், நிற்கிற லாபத்தோடு ஒப்பிடுங்கள். அதிலும் வீட்டுச் செலவு போக மிஞ்சுவதோடு. இதற்குப் பெரிய கணக்குப் புத்தகம் வேண்டாம், பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். கொள்முதல் ஒரு பக்கம், விற்றது ஒரு பக்கம், வீட்டுக்கு எடுத்தது ஒரு பக்கம். பிள்ளை கையில் கொடுத்த பத்து ரூபாய் மிட்டாயையும் எழுதுங்கள்.

அப்புறம் இன்னொரு நோட்டு இருக்கிறதே, ஊர்க்காரர்கள் கடன் சொல்லி வாங்கிப்போன நோட்டு. நீங்கள் வட்டிக்கு வாங்கி அவர்களுக்கு வட்டியில்லாமல் கொடுக்கிறீர்கள். அந்த அக்காவுக்கு வெளியில் நிற்பது மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். முகத்துக்கு நேரே கேட்கச் சங்கடம், தெரிகிறது, சொந்தக்காரர்களும் பங்காளிகளும்தான் வாடிக்கை. ஆனால் புதுக்கடனுக்கு மனு எழுதுவதற்கு முன்னால் அந்த நோட்டில் பாதியையாவது வசூல் பண்ணிப் பாருங்கள். பலருக்குக் கடனே தேவைப்படாது.

வட்டி பற்றிச் சுருக்கமாக. "ஒரு ரூபா வட்டிதான் சார்" என்பார்கள். ஐம்பதாயிரத்துக்கு, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று இரண்டு வருஷத்துக்கும் முழுத்தொகை மேலேயே போட்டால் வட்டி 12,000, மாதத் தவணை 2,583. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி குறையவில்லை. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் அது ஆண்டுக்கு 12 சதவீதம் இல்லை, 21.6. தண்டல் இன்னும் மோசம். ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, நூறு நாள் நூறு நூறாக வாங்கினால் ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. எட்டாயிரத்து ஐநூறுதான் கையில் கொடுத்தார் என்றால் 120. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. இருந்தும் காலை ஏழு மணிக்கு வண்டி வந்து நிற்கிறது, அது வேறு கதை.

குழுக் கடன் கொடுக்கும் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டது. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பது நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பில், வருமானம் என்ன என்று கேட்டுவிட்டு ஆள் சேர்க்க வந்த தம்பியே கூட்டி எழுதிக்கொள்கிறார், தண்டல் எந்தக் கடன் அறிக்கையிலும் வருவதில்லை. நீங்களும் மறைக்கிறீர்கள். காகிதத்தில் உங்களால் கட்ட முடியும்!

அதே விதியில் உங்களுக்குச் சாதகமானதும் இருக்கிறது. முன்கூட்டிக் கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் போன் பண்ணக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. கடன் அட்டை உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். மீறினால் முதலில் கம்பெனியில் எழுத்தில் புகார், முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். வழி கேட்க 14448-க்குப் போன் பண்ணலாம். கடனோடு காப்பீட்டுக்கும் பணம் பிடித்திருப்பார்கள், அதன் சீட்டை வாங்கி வையுங்கள். கணவர் இறந்த பிறகும், காப்பீடு இருப்பதே தெரியாமல் தவணை கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கெஞ்சிக் கேட்கிறேன், "உன் பேர்ல வாங்கிக் குடு, நான் கட்டிடறேன்" என்று குழு லீடரே வந்து கேட்டாலும் கைரேகை வைக்காதீர்கள். கட்டாவிட்டால் கெடுவது உங்கள் பெயர். போனில் ஐந்து நிமிஷத்தில் பணம் தருகிற ஆப் பக்கமே போகாதீர்கள்.

சரி, கடன் வேண்டவே வேண்டாமா? வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் சரக்கு ஏற்ற, ஒரு பிரிட்ஜ் வாங்க, கடன் நல்லதுதான். ஊரில் மகளிர் குழு ஒழுங்காக நடந்தால், வங்கிக் கடன் அதன் வழியாக வருவதுதான் வட்டிக்கு மலிவு. 2015-இல் வந்த முத்ரா என்ற சிறுதொழில் கடன் திட்டத்தில், சிசு என்ற முதல் பிரிவில் ஐம்பதாயிரம் வரை அடமானம் இல்லை. எங்கள் ஆட்களும் அலைய விடுவார்கள், ஒத்துக்கொள்கிறேன், அந்த அலைச்சலில்தான் தண்டல்காரர் ஜெயிக்கிறார். உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்கும் கம்ப்யூட்டர் சென்டரை நம்பாதீர்கள். கியூஆர் அட்டையில் வரும் பணம் உங்கள் கணக்கிலேயே வரட்டும், மகன் கணக்கில் வேண்டாம். ஆறு மாத வரவு செலவைக் காட்டினால் மேனேஜருக்கு மறுக்கக் காரணம் குறையும். கடைக்கு ஓ.டி., அதாவது வேண்டும்போது ஒரு வரம்பு வரை எடுத்துத் திரும்பக் கட்டும் வசதி, கிடைத்தால் இன்னும் நல்லது, எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி.

அந்த அக்காவுக்கு நான் ஐம்பதாயிரம் போடவில்லை. முதலில் வெளியில் நிற்கிற பாக்கியை வசூல் பண்ணித் தண்டலை முடிக்கச் சொன்னேன், பிறகு பேசலாம் என்றேன். கோபமாகத்தான் போனார். நீங்களும் கோபப்படலாம், ஆனால் கிளைக்கு வரும்போது எல்லா அட்டைகளையும் கொண்டுவாருங்கள், தண்டல் நோட்டையும் சேர்த்து. அதை மறைத்துவிட்டு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டால் நான் போடுகிற கணக்கு தப்பாகத்தான் வரும்.