டம்ப் மேல விரிசல் விட்டா மண்ணை போட்டு மூடாதீங்க

சுரங்கத்துல தோண்டி வெளிய கொட்டுற கழிவுப்பாறை குவியலை நாங்க டம்ப்னு தான் சொல்லுவோம். அதோட சரிவு தாங்குமா தாங்காதான்னு பாக்குறது தான் என் வேலை. சைட்டுக்கு போனா எல்லாரும் முதல்ல கேக்குறது ஆங்கிள் எவ்ளோ, சேஃப்டி ஃபேக்டர் எவ்ளோன்னு தான். மேல இருந்து டிப்பர்ல கொட்டுனா பாறை உருண்டு தானாவே 37 டிகிரி பக்கத்துல போய் நின்னுக்கும், பெரும்பாலான டம்ப்லயும் இதே கதை தான், அதனால ஆங்கிளை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. சேஃப்டி ஃபேக்டர்ங்கறது தாங்குற பலத்தை தள்ளுற பலத்தால வகுத்தா வர்ற நம்பர், 1ன்னா விழுற நிலைமை, பொதுவா 1.3ல இருந்து 1.5 வரைக்கும் எதிர்பாப்போம். ஆனா அந்த கணக்குல டம்புக்குள்ள தண்ணி மட்டம் எங்கன்னு நாம தான் ஒரு கோடு போடுறோம், அந்த கோட்டை கொஞ்சம் மேல ஏத்துனாலே நம்பர் மளமளன்னு இறங்கிடும்.

அதனால நான் முதல்ல போறது டம்போட அடிவாரத்துக்கு. கொட்டுறதுக்கு முன்னாடி அங்க இருந்த மேல்மண்ணை எடுத்தாங்களா, அடியில களிமண் இருக்கா, பழைய ஓடை எதையாவது மூடிட்டாங்களா, தரை உப்பிக்கிட்டு வருதா, மழை இல்லாத நாள்லயும் ஒரு இடம் ஈரமாவே இருக்கா, இதெல்லாம் நடந்து தான் பாக்கணும்.

வேல்ஸ்ல அபர்ஃபேன்ல 1966 அக்டோபர் 21 அன்னைக்கு நிலக்கரி சுரங்க கழிவு குவியல் சரிஞ்சு பள்ளிக்கூடத்து மேல வந்து 144 பேர் செத்தாங்க, அதுல 116 பேர் குழந்தைங்க. அந்த குவியலை கொட்டுனது ஊற்று மேல, அந்த ஊற்று மேப்லயே இருந்துச்சு. அன்னைக்கு காலைல மேல வேலைக்கு போனவங்க உச்சி சுமார் 3 மீட்டர் உள்வாங்கி கிடந்ததை பாத்திருக்காங்க. இதை நினைக்கிறப்பல்லாம் எனக்கு மனசு ஆறாது.

ஒரு சைட்ல மழைக்கு அப்புறம் போனேன், முந்தின வாரம் மேல ஒரு விரிசல் விட்டுச்சாம், டோசரை வச்சு மண்ணை தள்ளி மூடிட்டாங்க, பாக்க நல்லா சமமா இருந்துச்சு. எனக்கு வேண்டிய ஆதாரமே அந்த விரிசல் தான். மழைத்தண்ணி உள்ள இறங்காம கடைசியில மூடத்தான் வேணும், ஆனா அளக்காம மூடக்கூடாது. விரிசலுக்கு அந்தப்பக்கம் ஒரு கம்பி, இந்தப்பக்கம் ஒரு கம்பி அடிச்சு, நடுவுல எவ்ளோ தூரம்னு டேப் வச்சு தினமும் அதே நேரத்துல அளந்து எழுதுங்க. புதுசா கொட்டுன டம்ப் தன் பாரத்துலயே கொஞ்சம் அமுங்கும், அதுலயும் விரிசல் வரும், ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர், அப்புறம் 4, அப்புறம் 2ன்னு குறைஞ்சுகிட்டே வந்தா அது அமுங்குறது. 5 ஆனது 8 ஆகி, 8 ஆனது 15 ஆச்சுன்னா டம்ப் சரிய கிளம்பிடுச்சுன்னு வச்சுக்கோங்க, அப்போ ஆபீஸ்ல கணக்கு எவ்ளோ நல்லா வந்திருந்தாலும் அதை நம்பாதீங்க. சரிவு நகருதான்னு பாக்க ரேடார் வச்சிருக்குற சைட்லயும் நாங்க பாக்குறது இதே வேகத்தை தான்.

வேகம் கூடுதுன்னு தெரிஞ்சா அந்த விளிம்புல கொட்டுறதை உடனே நிறுத்துங்க. அதுக்கும் முன்னாடி, கீழ யாரு மெஷின் ஓட்டிட்டு இருக்காங்கன்னு பாத்து அவங்களை வெளிய வர சொல்லுங்க, மேனேஜர் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.