வயபிள்: உயிர்ப்புள்ள கட்டி

கல்லீரல் புற்றுக்கு டேஸ் சிகிச்சை, அதாவது தமனி வழியே மருந்தைச் செலுத்திக் கட்டிக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அடைப்பது, முடிந்து எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கை. கணவருடையது. அதை நீட்டி, "தம்பி, வயபிள்னு போட்டிருக்கே, நல்லதா கெட்டதா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி 'சாத்தியமான கட்டி' என்று காட்டியிருந்தது. இனிமேல்தான் கட்டி வரக்கூடும் போல என்று அவர் நினைத்திருந்தார்.

பொருள் அதுவல்ல. சிகிச்சைக்குத் தப்பி இன்னும் உயிரோடிருக்கும் கட்டி என்று பொருள்.

லத்தீனில் 'வீட்டா' என்றால் உயிர். வைட்டமினில் இருப்பதும் அதுதான். பிரெஞ்சில் அது 'வீ' ஆயிற்று. அதிலிருந்து வந்தது வயபிள் (viable) என்ற இந்தச் சொல். பிறந்த குழந்தை பிழைக்குமா என்பதற்கே முன்பு வழங்கியது. மகப்பேறு மருத்துவர் சொன்னால் வீடே மகிழும். கல்லீரல் அறிக்கையில் வந்தால் கலங்க வைக்கும்.

கட்டி உயிரோடிருப்பதைக் காட்டுவது ரத்த ஓட்டம். கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்கிறது. படத்தில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் கடோலினியம் ஊசியைப் போட்டு அரை நிமிடம் போல ஆனதும், மருந்து தமனியில் ஓடும் நேரத்தில் எடுக்கும் படத்தில் உயிருள்ள பகுதி பளிச்சென்று ஒளிரும். மடிந்த திசு சில நேரம் ஊசிக்கு முன்பே வெளுப்பாகத் தெரியும் என்பதால், ஊசிக்கு முந்தைய படத்தைக் கழித்தும் பார்ப்பார்கள். கட்டி சுருங்காமலேயே முழுதும் மடிந்திருக்கலாம். அதனால் 2010இல் வந்த எம்ரெசிஸ்ட் அளவுமுறை, ஒளிரும் பகுதியை மட்டும் அளக்கச் சொல்கிறது: 5 செ.மீ. கட்டியில் 1 செ.மீ. மட்டும் ஒளிர்ந்தால் கணக்கு 1தான். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் மாதக்கணக்கில் ஒளிர்வு நீடிக்கலாம். அங்கே அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது.

தமிழில் 'உயிர்ப்புள்ள கட்டி' என்பதே சரி என்பேன். உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். இயக்கம் நிற்கவில்லை என்பதும் அதில் சேர்ந்து வருகிறது. எதிர்ச்சொல் 'மடிந்த கட்டி'. இரண்டுமாகத் தெளியாதது 'ஐயத்துக்குரியது'. நெக்ரோசிஸை, அதாவது திசு மடிவதை, 'அழுகல்' என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சீழ் பிடித்ததென்று வீட்டார் பதறுவார்கள். சிகிச்சை தேடியதே அந்தத் திசு மடிவைத்தான்.

"கட்டியில பெரும்பகுதி மடிஞ்சிருச்சு அக்கா. ஓரத்துல கொஞ்சம் உயிர்ப்பு மிச்சமிருக்கு" என்றேன்.

"அப்ப அந்த ஓரத்துக்கு மட்டும் மறுபடி டேஸ் பண்ணுவாங்களான்னு டாக்டர்கிட்ட கேக்கணும்" என்று அறிக்கையை மடித்து வைத்துக்கொண்டார்.