காரைச் சுவரில் பெரணி முளைப்பது எப்படி?

பெரணி (ஃபெர்ன்) பெரும்பாலும் பாசி மெத்தையில்தான் முளைக்கிறது, அதனால் பாசியிலிருந்தே தொடங்குவோம். நல்ல வெயில் காலத்தில் ஒரு பழைய காரைச் சுவரின் கிட்டே போய்ப் பாருங்கள். கல் இடுக்கில் கறுத்துச் சுருண்டு, தொட்டால் பொடியாகிவிடும் போல ஒரு பாசித் திட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. தண்டைச் சுற்றி முறுக்கிக் கிடந்த இலைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து வெளிப்பக்கம் சாயும். கறுப்பு போய்ப் பச்சை ஏறும். சில நிமிடங்கள்தான் ஆகும்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. குளத்தில் மிதப்பதையும் பாசி என்கிறோம், சுவரில் படர்வதையும் பாசி என்கிறோம். இரண்டும் வேறு வேறு. இங்கே பேசுவது பாடப் புத்தகத்தில் மாஸ் என்று வருமே, அது. இதற்குச் சின்னத் தண்டு உண்டு, இலை உண்டு, வேர் கிடையாது. அடியில் உள்ள நூலிழைகள் பெரும்பாலும் பிடித்துக்கொள்ள மட்டுமே. தண்ணீரை இலையே நேராக உறிஞ்சிவிடும். இலையின் பெரும்பகுதி ஒரே ஒரு செல் கனம்தான். அதனால் நனைவதும் சட்டென்று, காய்வதும் சட்டென்று.

மற்ற செடிகள் தண்ணீரைச் சேமிக்கப் படாதபாடு படும். மாஸ் அந்த வம்புக்கே போவதில்லை, காய்ந்துபோய்விடுகிறது. காயும்போது செல்லுக்குள் இருக்கும் சர்க்கரை கண்ணாடி போல இறுகி, சவ்வுகளும் புரதங்களும் இடம் மாறாமல் பிடித்து வைக்கிறது. ஈரம் பட்டதும் பழுதுபார்ப்பும் ஒளிச்சேர்க்கையும் மறுபடி தொடங்கும். பழைய சுவர்களில் அதிகம் தென்படும் டார்டுலா முராலிஸ் என்ற வகையில் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு வெள்ளை முடி நீட்டிக்கொண்டிருக்கும். இதன் பாலைவனச் சொந்தமான சிண்ட்ரிக்கியா, அப்படிப்பட்ட முடியால்தான் காற்றிலிருந்து பனியைத் திரட்டிக் குடிக்கிறது.

சரி, மாஸும் பெரணியும் ஏன் காரைச் சுவரைத் தேடி வருகின்றன? சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவதை நீற்றி, மணலோடு குழைத்துக் காரையாகப் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிவிடுகிறது. ஆக, பெரணியின் கணக்கில் காரைச் சுவர் என்பது மனிதன் கட்டிய சுண்ணாம்புப் பாறை. புதுக் காரையில் காரத்தன்மை மிக அதிகம், எதுவும் முளைக்காது. வருடங்கள் போகப்போக அது தணியும். நுண்துளைகள் நிறைந்த பொருள் என்பதால் மழையை உறிஞ்சி வைத்து, விரிசல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கெட்டியான சிமென்ட் பூச்சில் இந்த வசதி குறைவு. உரத்துக்குக் காற்றில் வரும் தூசியும் பறவை எச்சமும் போதும்.

பெரணிக்கு வேர் உண்டு. அது விரிசலுக்குள் ஆழமாகப் போய் ஈரத்தைத் தேடிக்கொள்ளும். வளர்ந்த பிறகு கவலையில்லை, பாடெல்லாம் பிறப்பதில்தான். விதையே இல்லாத செடி, செங்குத்தான சுவரில் எப்படி ஏறும்?

பெரணி இலையைத் திருப்பிப் பார்த்தால் பழுப்புப் பொட்டுகள் தெரியும். ஒவ்வொரு பொட்டிலும் கண்ணுக்கே தெரியாத வித்துப்பைகள் கூட்டமாக இருக்கின்றன. வித்து என்பது இங்கே விதை அல்ல, ஸ்போர் என்னும் தூள் போன்ற நுண்துகள். பையின் முதுகில் ஒரு டஜன் செல்கள் வளையமாக அமைந்திருக்கும். அவற்றின் வெளிச்சுவர் மெல்லியது, மற்ற பக்கங்கள் தடித்தவை. காற்று காய்ந்தால் செல்லிலுள்ள நீர் ஆவியாகும். மெல்லிய சுவர் உள்ளே இழுபட, வளையம் பின்பக்கமாக வளைந்து பை பிளக்கும். இழுவிசை தாங்காமல் ஒரு கட்டத்தில் செல்களுக்குள் குமிழிகள் வெடிக்கும். அவ்வளவுதான், உண்டிவில்லை விட்டது போல வளையம் முன்னால் பாயும். வித்துகள் நொடிக்கு சுமார் 10 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஈரம் போவதையே விசையாக்கும் இந்த ஏற்பாட்டைவிட அழகான பொறியைச் செடிகளில் நான் பார்த்ததில்லை.

அப்படிப் பறந்தவற்றில் அநேகமாக எல்லாமே வீண். ஏதோ ஒன்று இடுக்கில், பெரும்பாலும் மாஸ் மெத்தையின் ஈரத்தில், சிக்கும். அதிலிருந்து நேராகப் பெரணி வராது. சில மில்லிமீட்டர் அகலத்தில், இதய வடிவில், பச்சை காகிதத் துண்டு போல ஒன்று வரும். ஆண் அணுக்களும் முட்டையும் இதன் அடிப்பக்கத்தில் உண்டாகும். ஆண் அணு நீந்திப் போய்த்தான் முட்டையைச் சேர வேண்டும், அதற்கு ஒரு மெல்லிய நீர்ப்படலம் கட்டாயம் வேண்டும். பெரணி விரிசலை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். சுவரிலும் பாறையிலும் வளரும் ஆஸ்பிளீனியம் வகைகள் பலவற்றில் ஒரே இதயத்தின் ஆண் அணுவும் முட்டையும் சேர்ந்தாலே புதுச் செடி வந்துவிடும். ஒரு சுவரையே குடியேற்ற ஒரு வித்து போதும்!

இவை சுவரை இடித்துவிடும் என்ற பயத்தில் சுரண்டி எடுப்பவர்கள் உண்டு. அரசங்கன்றும் ஆலங்கன்றும் அப்படிச் செய்யக்கூடியவைதான், அவற்றின் வேர் பருக்கும். சின்னப் பெரணியின் வேர் மயிரிழைதான்.

சுண்ணாம்புப் பாறையில் ஊற்று கசியும் இடங்களில் கதை தலைகீழாகக்கூட நடக்கும். அந்த நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். காற்றுபட்டுக் கரியமில வாயு வெளியேற, மாஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ள, கரைந்த சுண்ணாம்பு தண்டின் மேலேயே படியும். அடிப்பகுதி கல்லாகிக்கொண்டே வர, நுனி மட்டும் பச்சையாக மேலே ஏறும். இப்படி உருவாகும் டூஃபா என்ற ஓட்டைக் கல்லை வெட்டிக் கட்டடமும் கட்டியிருக்கிறார்கள். உடைத்த டூஃபாவைக் கிட்டே பார்த்தால், மாஸ் தண்டுகள் மட்கிப்போன இடத்தில் சின்னச் சின்னக் குழாய்கள் தெரியும்.